நான்காவது பிளக்

மகள் பெங்களூரிலிருந்து தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு வருகிறாள். மதுரை தாண்டியதும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள். அந்த அழைப்புக்காகக் காத்துக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தபோது கையிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளர் நழுவித் தரையில் விழுந்தது. உடையவில்லை. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கீறல்கூட இல்லை. கழுவி அலமாரியில் வைக்கப் போனவள், வைக்காமல் குப்பைக் கூடையில் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் எங்கள் பழைய கார் மெக்கானிக்கின் ஞாபகம் வந்தது.

அவராக இருந்தால் சும்மா போட்டிருக்கமாட்டார். வேறு யாரும் எடுத்துப் புழங்கிவிடக் கூடாது என்று சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி உடைத்துவிட்டுத்தான் போட்டிருப்பார்.

தக்கலையிலிருந்து பிரியும் ஒரு இறக்கத்தில் அவருடைய வொர்க்‌ஷாப் இருந்தது. ஷார்ஜாவில் பல வருடம் கார் பணி செய்துவிட்டு ஊர் திரும்பியவர். இஸ்திரி போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டையை முழங்கைவரை சுருட்டிவிட்டு, அத்தர் மணமும் பெட்ரோல் மணமும் சேர்ந்து வீச, எஞ்சினுக்குள் தலையை விட்டு நிற்பார். அடக்கம் என்பது அவரிடம் கிடையாது. எந்தப் பேச்சையும் ‘ஷார்ஜாவில’ என்றுதான் தொடங்குவார். ஊரில் உள்ள மற்ற மெக்கானிக்குகள் எல்லோரும் மாட்டு வண்டிக்கு லாடம் அடிக்கிறவர்கள் என்பது அவருடைய எண்ணம். அதை அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன், அவர் என்னை டீச்சர் என்பார்.

கீழே விழுந்த பொருளை அவர் தொடமாட்டார். அதுதான் அவர். போல்ட், நட்டு, ஸ்பானர் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இரும்பு விழலாம். தேங்காய் விழலாம், அது விழுவதற்கென்றே காய்ப்பது என்பார். ஆனால் பேரிங் விழுந்தால் வெளியே. சென்சார் விழுந்தால் வெளியே. ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் பைக்கை நிறுத்தும்போது கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட் நழுவி விழுந்தது. அந்த ஆள் அதைத் தட்டித் தலையில் வைக்கப்போனார். இவர் அதை வாங்கி, கத்தியால் வாரை அறுத்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார். பெரிய சண்டையாகிவிட்டது. கடைசியில் இவரே புது ஹெல்மெட் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

வீட்டிலும் அப்படித்தான். வொர்க்‌ஷாப்பை ஒட்டித்தான் வீடு. அவர் மனைவியை நான் மைனி என்று கூப்பிடுவேன். மைனி வீட்டில் கண்ணாடிச் சாமான் ஒன்றுகூடக் கிடையாது. தெர்மாஸ் ஃப்ளாஸ்க் இரண்டுமுறை விழுந்து இரண்டுமுறை குப்பைக்குப் போனபிறகு, சாயாவைச் சுடச்சுடப் போட்டுக் குடிப்பதே லாபம் என்று நிறுத்திவிட்டார்கள். அவர் கையிலிருந்து போன் விழுந்தபோது அன்றைக்கே வேறு வாங்கிவிட்டார். விழுந்த போனை அவர் உடைப்பதற்குள் மைனி பிடுங்கி ஒளித்துவைத்துக்கொண்டார்கள்.

“நான் பேசுகது பூரா இந்த விழுந்த போன்லதான் டீச்சர். போனுக்கு ஒரு கொறவும் இல்ல. கொறவு அந்த மனுசனுக்குத்தான்” என்பார்கள். தாலி கட்டும்போது அது கை தவறி விழுந்திருந்தால் தன்னையும் சர்ச் வாசலிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பார் என்றும் சொல்வார்கள். அதற்கு அவர் எஞ்சினுக்குள்ளிருந்தே பதில் சொல்வார். “தங்கம் வளையும், உடையாது. வளையுகது எல்லாம் பரவாயில்ல. வெளிய ஒண்ணும் காட்டாம உள்ள கீறுகது இருக்கு பாருங்க, அதத்தான் நம்பக்கூடாது.”

ஏன் இப்படி என்று கேட்டால் ஒவ்வொருமுறையும் ஒவ்வொரு காரணம் சொல்வார். ஒருநாள் ஷார்ஜாவில் ஒரு ஷேக்கின் காருக்குள் ஸ்பார்க் பிளக்கின் துண்டு உடைந்து விழுந்து எஞ்சின் தூளான கதை. இன்னொரு நாள் அவர் அப்பா பனையிலிருந்து இறங்கும்போது சறுக்கிய கதை. மூன்றாவதாகக் கேட்டபோது, ‘எல்லாத்துக்கும் காரணம் வேணுமா டீச்சர், உங்க பள்ளிக்கூடமா இது’ என்றார். அதன்பிறகு நான் கேட்கவில்லை.

எங்கள் கார் அவரிடம் போனதே அதன் இருமலால்தான். என் கணவர் மஸ்கட்டில் இருந்தார். லீவில் வந்தவர், பெட்ரோலில் ஓடுகிற டர்போ கார் ஒன்றை வாங்கி, எனக்கும் ஓட்டப் பழக்கிவிட்டுத் திரும்பப் போனார். கொஞ்சகாலம் பறந்தது. பிறகு ஒரு கோளாறு தொடங்கியது. வீட்டு வாசலில் நிற்கும்போது சத்தமே தெரியாது, அவ்வளவு சீராக ஓடும். மெதுவாகப் போனாலும் குறையில்லை. ஒரு பஸ்ஸை முந்தலாம் என்று ஆக்சிலேட்டரை அழுத்தினால் மட்டும் முன்னால் பாயவேண்டிய வண்டி சட்டென்று விக்கும். எதிரே லாரி வந்துகொண்டிருக்கும், பக்கத்தில் பஸ், நடுவில் விக்குகிற கார். வில்லுக்குறி வளைவில் ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டு, பின்சீட்டில் இருந்த மகளைத் திரும்பிப் பார்க்கக்கூடத் தைரியமில்லாமல் பிரேக்கை மிதித்துப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஒதுங்கினேன். மறுநாள் அவரிடம் கொண்டுபோனேன்.

அவர் தானே ஓட்டிப் பார்த்துவிட்டு, பிளக் தேய்ந்துவிட்டது என்றார். நாகர்கோவில் கடையில் நான் வாங்கிவந்த பிளக்குகளைப் பார்த்துச் சிரித்தார். பெட்டியைத் திறக்காமலே கடைக்குத் திருப்பி அனுப்பினார். அது சாதாரண வண்டிக்கானது, இந்த எஞ்சினின் சூட்டை அது தாங்காது, வேகமாகச் சூட்டை வெளியே விடுகிற வகையாகப் பார்த்து வாங்கவேண்டும் என்று ஒரு நம்பரைச் சொன்னார். தலையில் இரிடியம் வைத்தது. அதன் வாய், அதாவது தீப்பொறி தாண்டுகிற இடைவெளி, சாதா வண்டியைவிடக் குறுகலாக இருக்கவேண்டும். எனக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் கூடினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“முட்டத்துக் கடற்கரையில நின்னு தீக்குச்சி கொளுத்தியிருக்கியளா டீச்சர்? கைய நல்லா குவிச்சாத்தான் பத்தும். டர்போன்னா காத்த அமுக்கி அமுக்கி உள்ள தள்ளுகது. அந்த அழுத்தத்துல பொறி தாண்டணும். வாய் பெருசா இருந்தா தாண்டாது. சும்மா நிக்கும்போ ஒண்ணும் தெரியாது. பாரம் வரும்போதான் காட்டும்.”

பாரம் வரும்போதான் காட்டும். அந்த வாக்கியத்தை அப்போது நான் காரைப் பற்றியது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நம்பரைக் கணவருக்கு அனுப்பினேன். எங்கள் ஊரில் யார் வளைகுடாவிலிருந்து லீவில் வந்தாலும் அந்தப் பெட்டிக்குள் நாலு வீட்டுச் சாமான் இருக்கும். மருந்து, சென்ட், குழந்தைக்கு ஷூ, இப்படி. எங்கள் நாலு பிளக்கும் கருங்கல் ஊர்க்காரர் ஒருவரின் பெட்டியில், பால்பொடி டின்களுக்கு நடுவே பூத்துவாலையில் சுற்றி வந்துசேர்ந்தன. மெக்கானிக் அண்ணன் முதலில் கேட்டது பெட்டி விமான நிலையத்தில் எப்படி வந்தது என்றுதான். தூக்கிப் போட்டிருப்பார்களே என்றார். அந்தக் கருங்கல்காரரைப் போனில் கூப்பிட்டு விசாரித்து, பெட்டியைக் கையிலேயே கொண்டுவந்ததாக அந்த ஆள் சத்தியம் செய்த பிறகுதான் அட்டையைப் பிரித்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாற்றலாம் என்று வரச்சொன்னார். மகளுக்கு அப்போது பதிமூன்று வயது. அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். போனவுடன் வேலை தொடங்கவில்லை. எஞ்சின் ஆறவேண்டும், சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும் என்று சொல்லி நெடுநேரம் உட்காரவைத்தார். மைனி சாயா தந்தார்கள். மகள் சும்மா இருக்கிற ஆள் இல்லை. வொர்க்‌ஷாப்புக்குப் பின்னால் மண் சரியாமல் இருக்கக் கட்டிய கல்கெட்டின்மேல் ஒரு சாம்பக்காய் மரம் சாய்ந்து நின்றது. காய்கள் கொத்துக்கொத்தாகச் சிவந்து கிடந்தன. மைனி ஒரு துரட்டியை எடுத்துக் கொடுக்க, அவள் போய்விட்டாள்.

எஞ்சின் ஆறியது. பழைய பிளக்குகள் நாலையும் கழற்றினார். கழற்றியவுடன் வழக்கப்படி ஒவ்வொன்றாக இரும்புப் பலகையில் வைத்துச் சுத்தியலால் வெள்ளைப் பீங்கானை நொறுக்கினார். பழைய பிளக்கைத் தேய்த்துப் புதிதென்று விற்கிற ஆட்கள் உண்டு, அவர்கள் கையில் போகக் கூடாது என்பது கணக்கு. பிறகு புதியவற்றை எடுத்து வாய் அளவை மெல்லிய தகடு விட்டுப் பார்த்தார். மூன்று சரியாக இருந்தன. நான்காவதை எடுக்கும்போது அவர் விரலில் இருந்த எண்ணெய் வழுக்கிவிட்டது.

பிளக் சிமெண்ட் தரையில் விழுந்து ஒரு சின்னச் சத்தம் போட்டு உருண்டது. நான்தான் எடுத்தேன். நுனி நேராக இருந்தது. பீங்கானில் ஒரு கோடுகூட இல்லை. அவர் என் கையிலிருந்து அதை வாங்கி, பார்க்காமலேயே, ஓரத்தில் இருந்த கழிவு டிரம்முக்குள் போட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. பழையது நாலும் உடைந்துவிட்டது. அங்கே நின்ற மற்ற வண்டிகள் இரண்டும் டீசல் ஜீப்புகள், அவற்றில் பிளக் கிடையாது. வேறொன்று திருவனந்தபுரத்திலிருந்துதான் வரவேண்டும், திங்கட்கிழமை ஆகும் என்றார். மூன்று பிளக்கோடு வாயைத் திறந்து கிடக்கும் காரைக் காட்டி, இனி நான் எப்படி வீட்டுக்குப் போவது, கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலுக்காக ஒரு ஆள் இப்படிப் பிடிவாதம் பிடிப்பதா என்று கேட்டேன். அவர் விரலில் இருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார். மைனி, ‘டீச்சர், அது கேக்காது, விடுங்க’ என்று எனக்குக் கண்காட்டினார்கள். அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

கல்கெட்டுக்குக் கீழே, உடைகல் குவியலுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் ஓடிப்போனபோது சிரித்தாள். பாவாடையில் சாம்பக்காய்கள் அப்படியே இருந்தன. “ஒண்ணும் இல்லம்மா. கால் வழுக்கிச்சு” என்றாள். கையில் சிராய்ப்பு. தலையில் தடவிப் பார்த்தேன், காதுக்கு மேலே இலேசாக வீங்கியிருந்தது, இரத்தம் இல்லை. எழுந்து நடந்தாள். மைனிக்கு இரண்டு சாம்பக்காய் கொடுத்தாள். நான் நிம்மதியாகி அவளைத் திட்டத் தொடங்கினேன்.

அவர் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். டிரம்முக்குள் போடுவதற்கு முன் எதையும் பார்க்காதவர், அவளை அப்படிப் பார்த்தார்.

கொஞ்சநேரத்தில் தலை வலிக்கிறது என்றாள். பிறகு வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு, தூக்கம் வருகிறது அம்மா என்று மைனியின் தோளில் சாய்ந்தாள்.

அந்த இறக்கத்துக்குள் ஆட்டோ எப்போதாவதுதான் வரும். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம், தூரத்திலிருந்து வரவேண்டும், கிளம்புகிறது என்றார்கள். அவரிடம் ஒரு பைக் இருந்தது, கண் சொருகுகிற பிள்ளையை அதில் வைத்துக்கொண்டு போக முடியாது. நான் ரோட்டுக்கு ஏறி ஓடினேன், திரும்பி வந்தேன், மறுபடி ஓடினேன். மூன்றாவது தடவை திரும்பி வந்தபோது அவர் கழிவு டிரம்மைக் கவிழ்த்து, எண்ணெய்ச் சேற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அந்த வெள்ளைச் சட்டையோடு. எடுத்ததைத் துணியில் துடைத்து, ஊதி, எஞ்சினுக்குள் இறக்கி, விரலால் முறுக்கி, பிறகு ஸ்பானரால் ஒரு சிறு இழுப்பு. மூடியைச் சாத்தியதும் சாவிக்குக் கை நீட்டினார்.

வண்டி முதல் தடவையிலேயே கிளம்பியது. நான் பின்சீட்டில் மகளை மடியில் போட்டுக்கொண்டேன். தூங்கவிடக் கூடாது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார். பக்கத்தில் எங்கே போனாலும் ஸ்கேனுக்கு நாகர்கோவிலுக்குத்தான் அனுப்புவார்கள், நேராக அங்கேயே போகலாம் என்று முடிவெடுத்ததும் அவர்தான்.

ரோட்டில் ஏறியவுடன் எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் இருந்தது. அவர் அதற்குப் பின்னால் போனார். பஸ் நின்றது, நாங்களும் நின்றோம். ஆள் இறங்கியது, கூடை இறங்கியது. பஸ் நகர்ந்தது, நாங்கள் நகர்ந்தோம். எதிரே ரோடு காலியாகக் கிடந்தது. அண்ணா, ஏறிப் போங்க என்றேன். அவர் கேட்காததுபோல் ஓட்டினார். பஸ் மறுபடி நின்றது. ஒரு பைக், ஒரு மீன் டெம்போ, ஒரு ஆட்டோகூட எங்களைத் தாண்டிப் போயின. அந்தப் பஸ்ஸின் பின்புறத்தில் எழுதியிருந்ததெல்லாம் எனக்கு இன்றும் மனப்பாடம். மகள் பேச்சு குழறியது. ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன், பாதியில் சிரித்தாள், எதற்குச் சிரித்தாள் என்று தெரியவில்லை. நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“உங்க மகளா இருந்தா இப்பிடி ஓட்டுவியளா?”

“ஆமா டீச்சர். இப்பிடித்தான் ஓட்டுவேன்.” கண்ணாடியில் அவர் கண் என்னைப் பார்க்கவில்லை. “விழுந்த பிளக்கு. ஆக்சிலேட்டர சவுட்டினா நிண்ணுரும். சவுட்டாம இருந்தா கொண்டுசேக்கும். பிள்ளைய பேச வைங்க.”

ஆக்சிலேட்டரில் கால் வைத்திருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத அளவு மெதுவாக அழுத்தியபடி, ஏற்றத்தில் இன்னும் மெதுவாக, பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்ட, வில்லுக்குறியும் பார்வதிபுரமும் கடந்து ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். வழியில் ஒருமுறைகூட வண்டி விக்கவில்லை.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மூளைக்கு இலேசான அதிர்ச்சிதான், ஒருநாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்றார் டாக்டர். மறுநாள் காலை அவள் இட்லிக்குச் சட்னி சரியில்லை என்று சண்டை போட்டாள். நான் வெளியே வந்து அவரிடம் சொன்னேன். வாசல் சுவரில் சாய்ந்து, எண்ணெய் அப்பிய அதே சட்டையோடு நின்றிருந்தார். ‘ஸ்கேன்ல ஒண்ணும் இல்லியா’ என்று மட்டும் திருப்பிக் கேட்டார். மகிழ்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை. எங்களுக்கு ஒரு ஆட்டோ பிடித்துக் கொடுத்துவிட்டு, தெரிந்த ஜீப்பை வரவழைத்து, நன்றாக ஓடுகிற என் காரைக் கயிறு கட்டித் தக்கலைக்கு இழுத்துக்கொண்டு போனார். தேவைக்கு ஓட்டினேன், இனி தேவை இல்லை என்றாராம் ஜீப்காரரிடம். திங்கட்கிழமை வேறு பிளக் வந்தது. அந்த நான்காவது பிளக்கில் உண்மையிலேயே கீறல் இருந்ததா என்று பின்னால் கேட்டேன்.

“பாக்கல்ல. ஒடச்சுப் போட்டேன்.”

பார்த்திருக்கலாமே என்றேன். விழுந்ததை எதற்குப் பார்க்கவேண்டும் என்று அவர் என்னைத்தான் விசித்திரமாகப் பார்த்தார். ஆக, அன்று அவர் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்தது சரியா, வீணா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த ஒன்றைத்தான் என்னால் மன்னிக்கவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் எனக்குப் பயமாகிப்போனார். சந்தையில், சர்ச்சில், துக்க வீட்டில், எங்கே கண்டாலும் முதல் கேள்வி பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்பதுதான். எல்லோரும் கேட்பதுபோல் அல்ல. பள்ளியில் கணக்குப் போடும்போது தலை வலிக்கிறதா, வெயிலில் ஓடினால் கண் இருட்டுகிறதா என்று கேட்பார். இல்லை என்று சொன்னால், ‘சும்மா இருக்கும்போ தெரியாது டீச்சர்’ என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்வார். இரண்டு நாளைக்கு எனக்குச் சோறு இறங்காது. பரீட்சை நேரத்தில் அவள் நெற்றியைத் தேய்த்தால்கூட நான் நாகர்கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். மறுபடி ஸ்கேன், மறுபடி ஒன்றுமில்லை. சைக்கிள் வேண்டாம், உல்லாசப் பயணம் வேண்டாம், சிதறால் மலைக்கு வகுப்பே போனபோது அவள் மட்டும் வீட்டில். “நான் என்ன பிளக்காம்மா?” என்று ஒருநாள் கத்தினாள். கொஞ்சகாலம் காரை வேறு வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

அவளுக்குப் பெங்களூரில் கல்லூரி கிடைத்த வருடம் மறுபடி பிளக் மாற்றும் சமயம் வந்தது. பதினெட்டு முடிந்து லைசென்ஸும் எடுத்திருந்தாள். நான் அனுப்பமாட்டேன் என்று நின்றேன். இங்கேயே படிக்கட்டும், என் கண்முன்னால் இருக்கட்டும். கணவர் மஸ்கட்டிலிருந்து கெஞ்சினார். அவள் என்னோடு பேசுவதையே நிறுத்தி, என்னைக் கேட்காமல் காரை எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் போய்விட்டாள். மைனி அந்த விழுந்த போனில் என்னைக் கூப்பிட்டு, டீச்சர் சீக்கிரம் வாங்க என்றார்கள்.

போனபோது அவர் புதுப் பிளக்குகளை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். கழற்றிய பழைய நாலும் உடையாமல் ஒரு துணிமேல் வரிசையாக இருந்தன. அன்றைக்குப் பிறகு வண்டி ஓடித் திரும்பி வரும்வரை பழையதை உடைப்பதில்லையாம். மைனி காதோடு சொன்னார்கள்.

மூடியைச் சாத்திவிட்டு அவர் எங்களை ஏறச் சொன்னார். மகள் ஓட்டவேண்டும், அவர் பக்கத்தில், நான் பின்னால். மைனியையும் ஏறச் சொன்னார். என்னை எதற்கு ஏற்றுகிறீர்கள் என்று மைனி கேட்டதற்கு, “சும்மா ஏறு. உன்ன பாரத்துக்குத்தான் கூட்டிட்டுப் போறேன்” என்றார். டிக்கியில் இரண்டு பழைய கியர் பெட்டிகளையும் தூக்கிப் போட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. இது வேண்டாம் என்றேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மற்ற இருவருக்கும் கேட்காதபடி சொன்னார்.

“விழுந்த சாமான் எல்லாத்தையும் வெளிய போட்டுட்டேன் டீச்சர். பிள்ளைய வெளிய போட முடியுமா? அப்பம் பாரம் வச்சுத்தான் பாக்கணும். எத்தன வருசம் நாம ரெண்டுபேரும் சும்மா நிறுத்தி வச்சே பாத்துட்டு இருப்போம்?”

நாம் ரெண்டு பேரும் என்றார். அதுவரை நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

வில்லுக்குறி தாண்டி ஒரு ஏற்றம். முன்னால் ஒரு பஸ். மகள் அதற்குப் பின்னாலேயே போனாள், கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து. நான் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ரோடு நேராகத் திறந்தது. எதிரே யாரும் இல்லை.

“இப்பம் சவுட்டு மக்கா.”

அவள் அழுத்தினாள். நான் விக்கலுக்காகக் காத்திருந்தேன். காருடையதா அவளுடையதா என்று எனக்கே தெரியாது. கார் ஒருமுறை மூச்சை இழுத்தது, பிறகு என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ள, நாலு ஆளும் இரண்டு கியர் பெட்டியும் அந்த ஏற்றமும் இல்லாததுபோல் பஸ்ஸின் பக்கவாட்டில் பாய்ந்து, தாண்டி, இடப்பக்கம் ஒதுங்கியது. மைனி ஏசுவே என்றார்கள். மகள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் உறுதியாக இருந்தன. அப்போதுதான் அவரைப் பார்த்தேன். கூரையில் இருக்கும் கைப்பிடியைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. கண்கள் மூடியிருந்தன.

ஒரு சாயாக்கடையில் நிறுத்தச் சொல்லி இறங்கினார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாயடியில் நெடுநேரம் முகம் கழுவினார். திரும்பி வந்து என் பக்கத்து ஜன்னலில் நின்றார்.

“பிள்ள போட்டும் டீச்சர். விடுங்க.”

வொர்க்‌ஷாப் திரும்பியதும் அந்தப் பழைய நாலு பிளக்கையும் இரும்புப் பலகையில் வைத்து ஒவ்வொன்றாக நொறுக்கினார். என் மகள் பெங்களூருக்குப் போனாள்.

இப்போது அந்த இடத்தில் ஒரு டைல்ஸ் கடை இருக்கிறது. அவர் போன செய்தி அந்த விழுந்த போனிலிருந்துதான் வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார். கீழே ஒன்றும் விழவில்லை டீச்சர், படுத்த இடத்தில்தான் என்று மைனி அதை மட்டும் இரண்டுமுறை சொன்னார்கள்.

மகள் இன்னும் கூப்பிடவில்லை. நான் சமையலறைக்குள் போய் குப்பைக் கூடையிலிருந்து அந்தத் தம்ளரை எடுத்தேன். கழுவினேன். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. தம்ளரை மேடையில் வைத்து, கொதிக்கிற தண்ணீரை அதில் விளிம்புவரை ஊற்றிவிட்டு, ஒரு எட்டுப் பின்னால் தள்ளி நின்று காது கொடுத்தேன்.

ஆவி ஏறியது. தம்ளர் அப்படியே நின்றது. போன் இன்னும் அடிக்கவில்லை.